காஸ்கேட் ஹாப்ஸ்: நடுவது முதல் உலர்த்துவது வரை

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கஞ்சாவின் குடும்பத்துக் கொடி. இரண்டுக்கும் பொதுவான மிர்சீன் எண்ணெய் உண்டு. ஆனால் போதை தரும் டிஹெச்சி ஹாப்ஸில் கிடையாது. இந்தக் குடும்பத்தில் வீட்டுத் தோட்டக்காரருக்கு ஏற்ற கலப்பினம் என்றால் காஸ்கேட்தான். அமெரிக்க வேளாண் துறை ஓரிகான் மாநிலத்தின் கொர்வாலிஸில் உருவாக்கி 1972-இல் வெளியிட்டது. தாய்வழி இங்கிலாந்தின் ஃபகிள் ரகம். தந்தைவழியில் ரஷ்யாவின் செரெப்ரியாங்காவும் கலந்திருக்கிறது. இலையின் அடிப்பக்கம் படரும் பூஞ்சைபோன்ற அடிச்சாம்பல் நோயை ஓரளவு தாங்குவது இதன் பெரிய பலம்.

கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 4.5 முதல் 7 சதவீதம், அதாவது நடுத்தரக் கசப்பு. மணம் பம்பளிமாஸ் தோலையும் பூவையும் ஒத்தது, பின்னால் லேசாக பைன். ஹாப்ஸின் பெண் பூக்களான கூம்புகளைக் காயவைத்துத் தலையணைக்குள் வைத்துத் தூங்குவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். தூக்க மருந்து, மயக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் ஹாப்ஸ் கஷாயத்தை மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

எங்கே வளரும்? பெரும்பாலும் 35 முதல் 55 டிகிரி அட்சரேகைக்குள். கோடையில் நீண்ட பகலும் குளிர்காலத்தில் வேர் உறங்கும் குளிரும் வேண்டும். சென்னையில் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. கொடி ஆளுயரம் தாண்டும் முன்பே பூக்க ஆரம்பித்துவிடும், விளைச்சல் தேறாது. இந்தியாவில் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் பயிராவது அதனால்தான். டொரன்டோ, லண்டன் வீட்டுக் கொல்லைகளுக்கு இது தாராளமாக ஏற்றது.

நடவும் கயிறும்

பெண் கொடியே கூம்பு தரும். விதை வேண்டாம், பாதி ஆணாகப் போகும். நர்சரியில் வேர்த்தண்டு அல்லது நாற்றாக வாங்குங்கள். வைராய்டு (வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமி) சோதனை செய்ததா என்று கேட்டு வாங்கவும். ஹாப் லேடன்ட் வைராய்டு கண்ணுக்குத் தெரியாமல் விளைச்சலைக் குறைக்கும், வந்துவிட்டால் மருந்து இல்லை.

கடும் உறைபனி ஓய்ந்ததும் நடலாம். நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில், நீர் தேங்காத மண், கார அமில நிலை 6 முதல் 7. விரல் பருமனில் 10–15 செ.மீ. வேர்த்தண்டை, மொட்டு மேல் நோக்கி, 5 செ.மீ. ஆழத்தில் கிடத்துங்கள். செடிக்குச் செடி ஒரு மீட்டர். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் இரண்டு மீட்டர், இல்லாவிட்டால் வேர்கள் பின்னிக்கொண்டு எது எதுவென்றே தெரியாது.

கொடி 5–6 மீட்டர் ஏறும். வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாவில் பந்தல் உயரமும் கிட்டத்தட்ட அதுதான். அங்கே கட்டும் கயிறு பெரும்பாலும் தேங்காய்நார்க் கயிறு, இலங்கையிலிருந்து கப்பலில் வருவது. நைலான் வழுவழுப்பு, கொடித்தண்டின் கொக்கி முடிகளுக்குப் பிடி கிடைக்காது. நார்க் கயிறு சொரசொரப்பானது, அறுத்த பிறகு கொடியோடு மட்கிவிடும்.

இரண்டாம் ஆண்டு முதல், முதலில் வெடித்து வரும் தடித்த தளிர்களை அறுத்துவிடுங்கள். அவை உள்ளே வெற்றுக் குழல், சுலபமாக ஒடியும், நோயையும் கூட்டிவரும். அடுத்து வருவதில் மூன்று நல்ல தளிரைத் தேர்ந்து, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் கயிற்றில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் மறுநாள் அவிழ்ந்து தொங்கும். கையுறை போடுங்கள், முடிகள் தோலில் தடிப்பை உண்டாக்கும்.

கொடி பந்தல் உச்சி தொடும்வரை தழைச்சத்து கொடுங்கள், பக்கக் கிளை விட்டதும் நிறுத்துங்கள். பூக்கும் நேரத்திலும் தழைச்சத்து போட்டால் இலை மண்டும், சாம்பல் நோயும் சிலந்திப் பேனும் கொண்டாடும். அடியிலிருந்து முக்கால் மீட்டர் வரை இலைகளை உருவிவிட்டால் காற்று புகும். வெளிறி, குட்டையாக, இலை கீழ்நோக்கிச் சுருண்ட தளிர் தெரிந்தால் அடிச்சாம்பல். அடியோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் வேரில் சொட்டட்டும், இலையில் வேண்டாம்.

அறுவடையில்தான் சூட்சுமம்

காஸ்கேட்டை வளர்ப்பதில் தோற்பவர் குறைவு. அறுவடையில் தோற்பவர்தான் அதிகம். வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுவரை பருவம். கூம்பை அமுக்கினால் ஈரமாக நசுங்கக் கூடாது. காகிதம்போல் சரசரத்து மறுபடி விரிய வேண்டும். பிளந்தால் உள்ளே கசப்பும் மணமும் அடங்கிய லூப்புலின் தூள் ஆழ்ந்த மஞ்சளாக இருக்கும். வெளிர்மஞ்சள் என்றால் பொறுங்கள். வெங்காய, பூண்டு வாடை வந்தால் காலம் கடந்துவிட்டது.

உறுதியாகத் தெரிய எடை போடுங்கள். உயரத்திலும் தாழ்விலும் பறித்த 100 கிராம் கூம்பை ஈரமே இல்லாமல் காயவைத்தால் 22–24 கிராம் நிற்க வேண்டும். 18 நின்றால் ஒரு வாரம் விடலாம்.

23 நின்றதென்று வையுங்கள். அப்படியானால் ஒரு கிலோ பச்சைக் கூம்பு சுமார் 255 கிராமுக்கு இறங்கும்போது ஈரம் 10 சதவீதம், அங்கே நிறுத்துங்கள். வலைத்தட்டில் மெல்லப் பரப்பி, மின்விசிறிக் காற்றில், சூடு 50 டிகிரி தாண்டாமல் காயவையுங்கள். வெயிலில் வேண்டாம், மணமும் நிறமும் போய்விடும். இதழ் சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும். நடுக் காம்பை வளைத்துப் பாருங்கள், படக்கென்று ஒடிந்தால்தான் காய்ந்தது. வளைந்தால் பையில் பூஞ்சணம் உறுதி.

காற்று நீக்கிய பையில் மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். காஸ்கேட் சேமிப்பில் பலவீனம்: அறை வெப்பத்தில் ஆறு மாதத்தில் ஆல்ஃபா அமிலம் பாதியாகிவிடும்.

20 லிட்டர் வோர்ட்டில் (நொதிக்கும் முன்னான பீர்ச் சாறு) 5.5 சதவீதக் கூம்பு 28 கிராமை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் சுமார் 18 கசப்பு அலகு வரும். வீட்டுக் கூம்பின் அமில அளவு தெரியாது என்பதால், கசப்புக்குக் கடைச் சரக்கைப் போட்டு, உங்களுடையதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் மணத்துக்குச் சேர்ப்பதே கெட்டிக்காரத்தனம்.

முதல் ஆண்டு கைப்பிடிதான் கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் செடிக்கு அரை கிலோவுக்கு மேல் காய்ந்த கூம்பு வரலாம். வீட்டில் நாய் இருந்தால் வடிகட்டிய ஹாப்ஸ் சக்கையைத் திறந்த குப்பைக் குழியில் போடாதீர்கள். தின்றால் உடல் சூடு எகிறி நாய் செத்தே போகலாம். தின்றது தெரிந்ததும் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.