கான்காலில் சிப்பி உண்ணப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸின் பிரிட்டனிக் கரையில், மோன் சான் மிஷெல் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது கான்கால் என்னும் சிறு துறைமுக ஊர். ஊரின் கரையோரச் சந்தையில் சிப்பிகளை (ஆய்ஸ்டர்) டஜன் கணக்கில் விற்கிறார்கள். கேட்டால் அங்கேயே திறந்து, எலுமிச்சைத் துண்டோடு தட்டில் அடுக்கித் தருவார்கள். கடலோரப் படிகளில் உட்கார்ந்து தின்று, ஓடுகளைக் கரையில் வீசிவிடுவது அங்கே வழக்கம்.

முதல் தடுமாற்றம் எண்களில் வரும். ஒரு பக்க ஓடு குழிந்திருக்கும் குழிச் சிப்பிகளுக்கு 0 முதல் 5 வரை எண் உண்டு. எண் கூடக் கூடச் சிப்பி சிறியது. 0 வாங்கியவர் உள்ளங்கை நிறையச் சதையைப் பார்த்து மிரண்டுபோவார். முதன்முறை உண்பவருக்கு 3 அல்லது 4 போதும். 3 என்றால் ஓட்டோடு 66 முதல் 85 கிராம் வரை இருக்கும்.

என்னை மிகவும் வருத்துவது அடுத்த தவறு: எலுமிச்சையைப் பிழிந்து நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு மருந்துபோல விழுங்குவது. சிப்பியின் சுவை அது வளர்ந்த நீரின் சுவை. முதல் சிப்பியை எதுவும் சேர்க்காமல் வாயிலிட்டு, இரண்டு மூன்று முறை மெல்லுங்கள். உப்பு முதலில் வரும். இனிப்பு மென்ற பிறகுதான் வரும். காடியில் ஊறிய சிறு வெங்காயமும் எலுமிச்சையும் அப்புறம் இருக்கட்டும். ‘ரை’ என்னும் தானியத்தில் செய்த கருநிற ரொட்டியும் உப்பு வெண்ணெயும் நல்ல துணை. திறந்ததும் ஓட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிடத் தயங்கவும் வேண்டாம். சிப்பி சற்று நேரத்தில் மறுபடி நீர் விடும், அதுதான் தெளிவானது.

குழிச் சிப்பியோடு நிறுத்திவிடுவதும் இழப்புதான். அது ஜப்பானிலிருந்து வந்த இனம். 1970-களில் நோய்கள் அதற்கு முன் அங்கே வளர்த்த சிப்பிகளை அழித்தபோது பிரான்ஸில் பரவியது. ஐரோப்பாவின் சொந்த இனம் தட்டையான, வட்டமான சிப்பி. விலை அதிகம், ஆனால் அந்தக் கொட்டைப் பருப்பு வாசனைக்காக ஒன்றிரண்டாவது வாங்கிப் பாருங்கள்.

எலுமிச்சை கிருமியைக் கொல்லும் என்று நம்பாதீர்கள். உயிருள்ள சிப்பியின் ஓரத்தைக் கத்தியால் தொட்டால் சுருங்கும். சுருங்காததையும் நாற்றமடிப்பதையும் ஒதுக்குங்கள். உயிரோடிருப்பதிலும் வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும் நோரோவைரஸ் இருக்கலாம்: 2023 டிசம்பர் இறுதியில் தென்மேற்கு பிரான்ஸின் அர்காஷோன் வளைகுடாச் சிப்பிகளின் விற்பனையையே அதற்காக நிறுத்தினார்கள். கர்ப்பிணிகளும் கல்லீரல் நோயுள்ளவர்களும் பச்சையாக உண்ணவே கூடாது.

கோடையில் சிப்பி இனப்பெருக்கத்துக்குத் தயாராவதால் சதை பால்போலக் குழைந்திருக்கும். கெட்டதல்ல, ஆனால் பலருக்குப் பிடிக்காது. ஜூலை, ஆகஸ்ட்டில் போகிறவர்கள் அதே வளைகுடாவில் மரக்கம்பங்களில் வளரும் மட்டிகளைக் கேட்கலாம். அவற்றின் பருவம் அப்போதுதான் தொடங்கும்.

நீர் வற்றும்போது சிப்பிப் பண்ணைகள் வெளியே தெரியும். இறங்கிப் போய்ப் பொறுக்காதீர்கள். அது ஒருவரின் விளைச்சல். பெரிய ஓதங்களில் (கடல்நீர் ஏறி இறங்கும்போது) இங்கே நீர்மட்டம் 14 மீட்டர் வரை மாறும், திரும்பி வரும் கடல் காத்திருக்காது.

அறைக்கு எடுத்துச் செல்வதானால் திறக்காத சிப்பிகளை வாங்கி, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். குழாய்த் தண்ணீரில் ஊறப்போட்டால் செத்துவிடும்.