குடும்ப மரவாடியின் வரலாற்றை எழுதுவது எப்படி

மரவாடி வைத்திருக்கும் குடும்பங்களில் கடையின் கதையைக் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள். தாத்தா வெறுங்கையோடு வந்தார், பாடுபட்டார், கடை வைத்தார். என்ன மரம் விற்றது, அது எங்கிருந்து வந்தது, யார் அறுத்தார்கள், போட்ட முதல் யாருடைய பணம் என்பதெல்லாம் அதில் இருக்காது. இவற்றை இப்போதும் தேடி எடுக்க முடியும். ஆனால் கடையை மூடும் அன்றே கணக்கு நோட்டுகள் எடைக்குப் போய்விடுவதால் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

பெரியவர்களிடம் பேசப் போகும் முன் பேப்பரைத் தேடுங்கள். வெறுமனே "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பல முறை சொல்லிப் பழகிய கதைதான் வரும். ஒரு பழைய பில்லைக் கையில் கொடுத்துக் கேட்டால், அந்த வண்டி எந்த வழியாக வந்தது, சுமை இறக்கியது யார் என்பது வரை நினைவு வரும்.

தேட வேண்டிய இடங்கள்: கடைப் பரண், கல்லாவின் அடித்தட்டு, ஆடிட்டரின் பழைய கட்டுகள், புதுக்கணக்கு போட்ட நோட்டுகளை வைக்கும் சாமி அலமாரி, பத்திரப் பெட்டி. கிடைத்ததும் துடைக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். ஈரம் பட்ட நோட்டை நிழலில், மின்விசிறிக் காற்றில், சில பக்கங்களுக்கு ஒரு வெள்ளைத்தாள் வைத்துக் காயவிடுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை இழுக்காமல், தாளை அழுத்திப் பிடித்து மெதுவாகக் கழற்றி எடுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது; சில வருடங்களில் பசை பழுத்து எழுத்தையே தின்றுவிடும். லேமினேஷனும் அதே தவறுதான். ஜன்னல் ஓரத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அட்டையிலிருந்து அட்டை வரை ஒவ்வொரு பக்கத்தையும் வரிசையாகப் படமெடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். இல்லாவிட்டால் நடுவில் பக்கம் விட்டுப்போனதா, எழுதாமலே விட்டதா என்பது பிறகு தெரியாது.

நோட்டுகளை வகை பிரியுங்கள். அன்றாட வரவு செலவு எழுதியது சிட்டை அல்லது நாள்வழி. ஆள் வாரியாகப் பற்று வரவு வைத்தது பேரேடு. இவற்றோடு சரக்கு நோட்டும் கூலி நோட்டும் இருக்கும். குடும்பத்தார் பேரேட்டைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், கூலி நோட்டைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். வரலாற்றுக்கு கூலி நோட்டுதான் பொக்கிஷம். ரம்பம் இழுத்தவர், சுமை தூக்கியவர், வண்டி ஓட்டியவர் பெயரெல்லாம் வேறு எங்கும் எழுதப்பட்டிருக்காது.

படிப்பதில் நான்கு இடங்களில் வழுக்கும்.

முதலாவது தமிழ் எண்கள். ௨௱௪௰௭ என்றிருந்தால் இரண்டு நூறு, நான்கு பத்து, ஏழு, அதாவது 247. ௧ பார்ப்பதற்கு க போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருக்கும். பக்கத்தின் தலையில் தனியாக நிற்கும் உ பிள்ளையார் சுழி, அதை 2 என்று எடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது வருஷப் பெயர். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். ஆண்டு சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். "விஷு வருஷம் தை" என்ற பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். விஷு 1941 ஏப்ரலில் பிறந்தது. எனவே அந்தத் தை 1942 ஜனவரி–பிப்ரவரி. 1941 என்று எழுதினால் கதையே மாறிவிடும். ரங்கூனில் 1941 டிசம்பர் 23 அன்று குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா தேக்கு வாங்கிய கடையின் சரக்கு நோட்டில் அந்த மாதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள். வரத்து நின்ற பிறகு கையிருப்பு என்ன விலைக்குப் போனது, அந்த இடத்தை நாட்டுத் தேக்கு பிடித்ததா, வேங்கையா, மருதா என்பதிலிருந்து ஒரு முழு அத்தியாயம் கிடைக்கும்.

மூன்றாவது பணம். ரூ. 12-6-3 என்றால் 12 ரூபாய் 6 அணா 3 பை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. தசமத்தில் ஏறக்குறைய 12.39. பலர் இதை 12.63 என்று கணினியில் ஏற்றி, விலைப் பட்டியலையே கெடுத்துவிடுகிறார்கள்.

நான்காவது அளவு. இங்கேதான் தவறு அதிகம் நடக்கிறது. உருண்டைத் தடியை, அதாவது அறுக்காத முழு மரத்தை, நாற்சுற்றுக் கணக்கில் அளப்பார்கள்: சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்றளவு 60 அங்குலம், நீளம் 12 அடி என்றால் 15 × 15 × 12 ÷ 144 = 18.75 கன அடி. தடியின் உண்மையான கன அளவு கிட்டத்தட்ட 23.87. அறுப்பில் போகும் கழிவுக்கு முன்கூட்டியே இடம் விட்ட கணக்கு இது. அறுத்த மரத்துக்கோ அகலம், கனம், நீளத்தை அப்படியே பெருக்குவார்கள்: 4 அங்குலம் × 3 அங்குலம், 10 அடி நீளச் சட்டம் 0.83 கன அடி. எனவே தடி விலையையும் சட்ட விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இவ்வளவு லாபம்" என்று எழுதாதீர்கள். பர்மா தேக்கு வியாபாரத்தில் டன் என்பது 50 கன அடி; எடை அல்ல. கண்டி என்ற அளவு ஊருக்கு ஊர் மாறியது. அதை மாற்றாமல் அப்படியே எழுதிவிடுங்கள்.

தேதியில்லாத பில்லைத் தூக்கி எறிய வேண்டாம், அச்சே காலத்தைச் சொல்லும். நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. "மதராஸ் ஸ்டேட்" என்றிருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முந்தையது. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. 33-இல் தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண் 2017 ஜூலைக்குப் பிறகு வந்தது. ஒரு எச்சரிக்கை: அச்சடித்த பில் புத்தகம் தீரும்வரை பழைய பெயரிலேயே ஓட்டுவார்கள். பழைய அடையாளத்தை விடப் புதிய அடையாளத்தை நம்புங்கள்.

குடும்பத்துக்கு வெளியே உள்ள ஆவணங்களையும் பாருங்கள். கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி பங்குதாரர் சேர்ந்த, விலகிய விவரம் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். பதிவு கட்டாயமில்லை என்பதால் இல்லாமலும் போகலாம். கடை நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டால் அடமானம் வைத்ததும் மீட்டதும் தெரியும். பாகப்பிரிவினைப் பத்திரத்தை முழுதாகப் படியுங்கள். யாருக்கு எந்த ரம்பம், எவ்வளவு சரக்கு, எந்தக் கடன் என்பது வரை சிலவற்றில் எழுதியிருப்பார்கள். முதல் போட்ட பணம் பாட்டியின் நகை என்பது பல வீடுகளில் இந்த இடத்தில்தான் வெளியே வரும். அவர் பெயரையும் நிறுவியவர்களில் ஒருவராக எழுதுங்கள்.

அறுவை ஆலையும் இருந்த குடும்பமானால் உரிமக் கோப்பு முக்கியம். 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், காட்டு மரம் வெட்டுவதற்கும் காட்டுக்குள் அறுவை ஆலை நடத்துவதற்கும் கட்டுப்பாடு விதித்து உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு நாடு முழுவதும் மரத்தொழிலைப் புரட்டிப்போட்டது. அந்த வழக்கு நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளைப் பற்றித் தொடங்கியது. குடும்பத்தார் "கோர்ட்டு மூடிவிட்டது" என்பார்கள். ஆலையை மூடியது உத்தரவா, தடி வரத்துக் குறைந்ததா, பிளைவுட் வந்து கதவு வியாபாரத்தை எடுத்துக்கொண்டதா என்பதை உரிமப் புதுப்பிப்புத் தேதிகளோடு வைத்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மரத்தையும் படிக்கலாம். வாடியின் பழைய கொட்டகை உத்திரத்தை, சீவாத பக்கத்தில், டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கோடுகள் நேராக இருந்தும் இடைவெளி சீராக இல்லாமல், சாய்வு இடையிடையே மாறினால் அது ஆள் இழுத்த ரம்பம். மேலே ஒருவர், பள்ளத்தில் ஒருவர். அவர்கள் கை மாற்றி நின்ற இடத்தில் கோட்டின் சாய்வும் மாறியிருக்கும். வில்போல் வளைந்த கோடு வட்ட ரம்பத்துடையது. நெருக்கமாக, ஒரே சீராக ஓடும் நேர்க்கோடு பேண்ட் சா எனும் பட்டை ரம்ப இயந்திரத்துடையது. மின்சார இணைப்பு வாங்கிய ரசீதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் கை ரம்பத்திலிருந்து இயந்திரத்துக்கு மாறிய காலம் ஓரளவு பிடிபடும். தடியின் வெட்டு முனையில் வனத்துறை சுத்தியல் முத்திரை தெரிந்தால் அதையும் அளவுகோலோடு படமெடுங்கள்.

இதற்குப் பிறகு பேசப் போங்கள். முதலாளி வீட்டுக்கு முன்னால் ரம்பக்காரர் வீட்டுக்கும் சுமை தூக்கியவர் வீட்டுக்கும் போவது நல்லது. முதலாளி எதிரில் அவர்கள் கூலியைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைக்காதீர்கள். ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பெயர், ஊர், தேதியைச் சொல்லிப் பதிவைத் தொடங்குங்கள். கேள்வி கைவேலையைப் பற்றி இருக்கட்டும்: எத்தனை ஜோடி ரம்பம் ஓடியது? கூலி நாளுக்கா, கன அடிக்கா? அரத்தால் பல் தீட்டுவது யார்? மழையில் என்ன செய்வீர்கள்? ஆண்டு கேட்காதீர்கள். தனுஷ்கோடி புயலுக்கு (1964) முன்னா பின்னா, எம்.ஜி.ஆர். மறைவுக்கு (1987) முன்னா பின்னா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். தவறாகச் சொன்னாலும் அங்கேயே திருத்த வேண்டாம், குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பம் நிச்சயம் வரும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் பேரேட்டில் வரும் ஒரே பெயர் இரண்டு ஆளாக இருக்கலாம். குடும்ப மரம் வரைந்து ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துவிடுங்கள், படக்கோப்புகளிலும் அந்த எண்ணையே போடுங்கள்.

எழுதும்போது ஆட்சிக்காலம் போல "தாத்தா காலம், அப்பா காலம்" என்று பிரிப்பதை விட மரத்தை வைத்துப் பிரிப்பது நன்றாக வரும்: பர்மா தேக்கு வந்த வருடங்கள், நாட்டு மரத்தை நம்பிய வருடங்கள், கப்பலில் வெளிநாட்டுத் தடி இறங்கிய வருடங்கள். கடன் பாக்கி வைத்தவர் பெயரை அச்சில் மறைத்துவிடுங்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருப்பார்கள். வரைவை, பிரிந்துபோன பங்காளி வீட்டுக்கும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிரிவுக்குக் காரணம் இரண்டு வீட்டிலும் இரண்டு விதமாக இருந்தால் இரண்டையும், யார் சொன்னது என்று குறிப்பிட்டு, ஒரே பக்கத்தில் போடுங்கள். கடைசியில் கூலி நோட்டிலிருந்து எடுத்த பெயர்ப் பட்டியலைச் சேர்த்து அச்சிட்டு, அந்தப் பட்டியலில் உள்ள வீடுகளில் தேடிப்பிடிக்க முடிந்தவற்றுக்கு ஆளுக்கொரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள்.