ஆறு பேர், இரண்டு பந்து, ஒரு வான்: வன்னியில் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டிகளுக்குப் போய்வருவது எப்படி

கழகம் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருக்கும். பின்னேரம் நாலரைக்கு வாசிகசாலை வளவில் வலை கட்டி ஆடுகிறீர்கள், ஊருக்குள் உங்களை வெல்ல ஆளில்லை. இனி வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகலாம் என்று பெடியள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். போகலாம். ஆனால் முதல் வருடத்தில் புதிய அணிகளை வீட்டுக்கு அனுப்புவது எதிரணியின் அடி மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிந்திப் போய் எதிரணிக்கு வெற்றியைக் கையில் கொடுப்பது, அடையாள அட்டையை மறந்து போவது, வெயிலில் கல்லாகிப்போன பந்தோடு பயிற்சி எடுப்பது, மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இறங்குவது என்று காரணங்கள் நிறைய. எல்லாம் வீட்டிலிருந்தே சரிசெய்யக் கூடியவை.

1. முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

வன்னியில் போட்டிக் காலத்தைத் தீர்மானிப்பது மழையும் வயலும்தான். ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரை வாடைமழை. செம்மண் மைதானம் சேறாகும், களிநிலம் என்றால் கேட்கவே வேண்டாம். அது வடிந்ததும் காலபோக அறுவடை. உங்கள் அணியில் பாதிப்பேர் வயலில் நிற்பார்கள். ஆகவே ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் தொடங்கி செப்டெம்பர் வரை உள்ள ஆறு மாதமே உங்களுக்குரியது. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்கிற வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களின் அறுவடை நாட்களையும் இப்போதே கேட்டுக் குறித்துவிடுங்கள்.

அடுத்தது திருவிழாக்கள். வைகாசி விசாகத்தை ஒட்டி வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வரும். அன்று முல்லைத்தீவுப் பக்கம் வீதியெல்லாம் சனம். ஆகஸ்ட் 15 மடுமாதா பெருவிழா, அதற்கு முன்பின்னாக நல்லூர்த் திருவிழா. இந்த நாட்களில் வாடகை வான் கிடைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆகஸ்ட் போட்டிக்கு வானை ஒரு மாதத்துக்கு முன்பே பேசி வைக்க வேண்டும்.

முதல் பருவத்துக்கு நான்கு போட்டிகள் போதும். முதல் இரண்டும் 30 கிலோமீற்றருக்குள். மூன்றாவது வேறு மாவட்டத்தில். நான்காவது மின்னொளியில் நடக்கும் இரவுப் போட்டி. ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் இரண்டு கிழமையாவது விடுங்கள். கிழமைக்கு ஒன்று என்று ஓடினால் மூன்றாவது போட்டியில் தோள்மூட்டும் காசும் ஒன்றாகத் தீரும்.

2. ஒரு கோவை, அதற்குள் எல்லாக் கடதாசியும்

கழகத்தைப் பிரதேச செயலகத்தில் உள்ள விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்ளுங்கள். யாப்பு, நிர்வாகக் குழு, உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பு ஆகியவற்றை ஆயத்தமாகக் கொண்டு போனால் அலைச்சல் குறையும். பதிவு இல்லாமலும் ஊர்ப் போட்டிகளில் ஆடலாம். ஆனால் பிரதேச விளையாட்டு விழாவில் ஆடி மாவட்டம், மாகாணம் என்று மேலே போகும் பாதை பதிந்த கழகத்துக்குத்தான் திறக்கும்.

கோவைக்குள் இருக்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழின் பிரதி, ஒவ்வொரு வீரரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி, வெறுமையான அணிப் பட்டியல்கள் ஐந்து, கழக முத்திரை, இரண்டு பேனை. அசல் அடையாள அட்டை அவரவர் கையில். வானில் ஏறும்போது ஒவ்வொருவராகக் காட்டச் சொல்லுங்கள். “கொண்டு வந்திருக்கிறன்” என்ற வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

போட்டிகளில் கிளம்பும் சண்டைகளில் பெரும்பங்கு ஒரே வீரர் இரண்டு கழகத்துக்கு ஆடுவதால் வருவது. கெட்டிக்கார அடிகாரர் ஒருவரை வெளியூரிலிருந்து இரவல் எடுக்க ஆசை வரும். எதிரணி ஆட்சேபனைக் கட்டணம் கட்டி முறையிட்டால் வென்ற ஆட்டமும் போகும். புதிய கழகத்துக்கு அந்தப் பெயர் கூடாது.

3. அழைப்பிதழில் எழுதாததைக் கேளுங்கள்

அழைப்பிதழ் இப்போதெல்லாம் வட்ஸ்அப்பில்தான் வரும். பெரிய எழுத்தில் பரிசுத் தொகை இருக்கும். உங்களுக்குத் தேவையான தகவல் அதில் இருக்காது. போன் எடுத்து இவற்றைக் கேளுங்கள்:

- செற்றப் எனும் சர்வதேச முறை ஆட்டமா, ஓவர் கேம் எனும் ஊர் முறை ஆட்டமா? இரண்டும் வேறு ஆட்டம். ஓவர் கேம் என்றால் அந்த ஊர் விதியை வரிவரியாகக் கேட்டு எழுதுங்கள்.
- விலகல் முறையா, லீக் முறையா? விலகல் முறை என்றால் ஒரு ஆட்டத்தோடு வீடு திரும்பவும் கூடும். 70 கிலோமீற்றர் போய் நாற்பது நிமிடம் ஆடிவிட்டு வருவது உங்கள் கையிருப்புக்குக் கட்டுமா என்று யோசியுங்கள். புதிய அணிக்கு லீக் முறையே நல்லது.
- செற் எத்தனை புள்ளி? சர்வதேச விதியில் 25, தீர்மானிக்கும் செற் 15. ஊர்ப் போட்டிகளின் முதல் சுற்றுகளில் நேரம் போதாமல் குறைப்பதும் உண்டு.
- மண் என்ன? மணலா, செம்மண்ணா, கிரவலா?
- எங்கள் முதல் ஆட்டம் எத்தனையாவது?

காலை 8 மணி என்று போட்டிருந்தால் முதல் பந்து 10 மணிக்கு எழும்பினாலும் ஆச்சரியமில்லை. அதை நம்பிப் பிந்திப் போகவும் கூடாது, ஏனெனில் நீங்கள் பிந்துகிற நாளில்தான் அவர்கள் நேரத்துக்குத் தொடங்குவார்கள். அழைப்பிதழ் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள், உடம்பைச் சூடாக்குவதை மட்டும் உங்கள் ஆட்டத்துக்கு 25 நிமிடம் முன்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஆட்களும் காசும்

மைதானத்தில் ஆறு பேர். போகும்போது ஒன்பது பேர் போங்கள்: இரண்டு செற்றர் (அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்), ஒரு லிபரோ (பின்வரிசையில் மட்டும் நின்று பந்தைக் காப்பவர்), மீதி அடிகாரரும் தடுப்பவரும். ஆறு பேரோடு போனால் ஒரு கணுக்கால் பிரண்டதும் போட்டி முடிந்தது. பன்னிரண்டு பேரோடு போனால் மூன்று பேர் நாள் முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அடுத்த முறை வரமாட்டார்கள்.

கணக்கு எளிது. வான் வாடகை, நுழைவுக் கட்டணம், சாப்பாடு, ஐஸ், மருந்து எல்லாவற்றையும் கூட்டுங்கள். பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்காக மேலே போடுங்கள். தலைக்குப் பிரித்து, புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பே வாங்குங்கள். திரும்பி வந்த பிறகு கேட்கும் காசு வராது, அதிலும் தோற்று வந்தால் வரவே வராது. பரிசுக் காசு கிடைத்தால் யாருக்கு எவ்வளவு, கழகத்துக்கு எவ்வளவு என்பதையும் போவதற்கு முன்பே கூட்டத்தில் எழுதி வையுங்கள். வென்ற இரவில் அதைப் பேசத் தொடங்கி உடைந்த கழகங்கள் உண்டு.

5. வழி

ஒன்பது வீரர், ஒரு முகாமையாளர், பந்துப் பை, தண்ணீர் என்றால் ஒரு ஹையேஸ் வான் போதும். மோட்டார் சைக்கிளில் போவது மலிவு. ஆனால் வெயிலில் 40 கிலோமீற்றர் ஓடி வந்தவரின் கையும் இடுப்பும் பந்தடிக்க எழும்பாது. கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்குப் பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியே போனால் 60 கிலோமீற்றருக்குள் முடியும். மாங்குளம், ஒட்டுசுட்டான் என்று சுற்றினால் 80ஐத் தொடும். சாரதி எந்த வழியைக் கணக்கில் வைத்து வாடகை சொல்கிறார் என்று கேளுங்கள். காத்திருப்புக் கூலி உண்டா, மைதானத்திலிருந்து சாப்பாட்டுக் கடைக்குப் போகும் ஓட்டத்துக்குத் தனிக்காசா என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைக்காமல் போகமாட்டார்கள். அதற்குப் பதினைந்து நிமிடம் சேர்த்தே நேரத்தைப் போடுங்கள். கச்சான் வாங்கலாம், ஆனால் திரும்பி வரும்போது வாங்குங்கள். ஆட்டத்துக்கு முன் கச்சான் கொறித்தால் தொண்டை வரளும்.

6. பந்துப் பை

இரண்டு பந்து, ஒன்று போட்டித் தரத்தில். சுற்றளவு 65 முதல் 67 சென்ரிமீற்றர், எடை 260 முதல் 280 கிராம், உள்ளழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 4.3 முதல் 4.6 இறாத்தல். ஒரு சிறிய அழுத்தமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விரலால் அமத்திப் பார்த்துச் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும்.

இங்கே பலர் விடும் பிழை: விடியப்புறம் குளிர்ச்சியில் பந்தைச் சரியாக நிரப்பி, பூட்டிய வானின் பின்பக்கம் போட்டு, வெயிலில் விட்டுவிடுவது. உள்ளே 50 பாகைக்கு ஏறினால் 4.5 ஆக இருந்த அழுத்தம் 6ஐத் தாண்டும். அந்தப் பந்தை எடுத்துப் பயிற்சி செய்தால் கை எரியும், வாங்கிக் கொடுக்கும் பந்து எகிறும், பிறகு போட்டிப் பந்து கைக்கு வரும்போது எல்லாக் கணக்கும் பிழைக்கும். பந்தை ஆட்கள் இருக்கும் பக்கம் வையுங்கள், மைதானத்தில் நிழலில் அளந்து பாருங்கள். ஊசியை நனைக்காமல் குத்த வேண்டாம், வால்வு கிழிந்து காற்று மெல்ல மெல்லப் போகும்.

கூடவே: காற்றடிக்கும் கைப்பம், ஊசி மூன்று, விரலுக்குச் சுற்றும் பிளாஸ்டர், கணுக்கால் பட்டி, சின்ன விசில், கத்தரிக்கோல், பத்து மீற்றர் நைலோன் கயிறு. கயிறு எதற்கென்று கேட்பீர்கள். எந்த மைதானத்திலாவது வலையின் கீழ்க்கயிறு அறுந்தே கிடக்கும்.

இன்னொன்று, ஒரு நேரான மூங்கில் தடி அல்லது பிவிசி குழாய். அதில் 2.43 மீற்றரிலும் 2.24 மீற்றரிலும் கோடு போட்டு வையுங்கள். முதலாவது ஆண்கள் வலை, இரண்டாவது பெண்கள் வலை.

7. தண்ணீரும் சாப்பாடும்

தலைக்கு நான்கு லீற்றர், ஆக 20 லீற்றர்க் கான் இரண்டு. போகிற இடத்துக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருக்கலாம், பழக்கமில்லாத வயிறு அன்றே குழம்பும். ஜீவனி எனும் உப்புச்சீனிக் கரைசல் தூள் பைக்கற் ஐந்து எடுத்துப் போங்கள். பைக்கற்றில் சொன்ன அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும்.

காலைச் சாப்பாட்டை ஆட்டத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பாக முடியுங்கள். இடியப்பமோ புட்டோ சரி, ஆனால் பால்விட்ட சொதியைப் பார்சல் கட்டி மதியத்துக்கு வைக்க வேண்டாம், வெயிலில் புளித்துவிடும். ஆட்டங்களுக்கு நடுவில் கதலி வாழைப்பழம், தோடம்பழம், பிஸ்கட். ஏற்பாட்டாளர் தரும் சோற்றுப் பார்சலை, அடுத்த ஆட்டம் ஒரு மணித்தியாலத்துக்குள் என்றால் திறக்கவே வேண்டாம்.

8. மைதானத்தில் இறங்கியதும்

பட்டியலைக் கொடுத்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஒருமுறை நடவுங்கள். எல்லைக்கோட்டை நாடாவால் கட்டி ஆணி அடித்திருந்தால் ஆணித்தலை வெளியே நிற்கிறதா என்று காலால் தடவிப் பாருங்கள். மணல் என்றால் வெறுங்கால். கிரவல் என்றால் கட்டாயம் சப்பாத்து. இறுகிய செம்மண்ணில் மேலே தூசி படர்ந்திருந்தால் தேய்ந்த அடிச் சப்பாத்து வழுக்கும், தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கேளுங்கள். பந்து பற்றைக்குள் போனால் எடுத்துவரப் பாய்வது எல்லாருக்கும் பழக்கம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ தெரியும் பக்கம் என்றால் அந்தப் பந்தை மறந்துவிடுங்கள்.

பிறகு தடியைக் கொண்டுபோய் வலையின் நடுவில் நிறுத்துங்கள். பக்கக்கோடுகளுக்கு மேலே வலை நடுவைவிட 2 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. ஊர் வலைகள் நடுவில் தொய்ந்து 2.38, 2.36 என்று நிற்கும். உங்கள் அணியில் உயரமானவர்கள் இல்லையென்றால் அந்தத் தொய்வு எதிரணியின் நெடியவருக்கு நீங்கள் கொடுக்கும் சீதனம். ஆட்டம் தொடங்க முன் மத்தியஸ்தரிடம் மரியாதையாகச் சொன்னால் இறுக்கிவிடுவார்கள். ஒரு செற் தோற்ற பிறகு சொன்னால் சாட்டு என்பார்கள்.

இனிக் காற்று. சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திறந்தவெளியில் பத்து மணிக்குப் பிறகு காற்று ஏழாவது ஆளைப்போல் விளையாடும். ஒரு பிடி மண்ணை மேலே எறிந்து திசை பாருங்கள். நாணயச் சுழற்சியில் வென்றால் சேவிஸ் கேட்பது வழக்கம். காற்று பலமென்றால் பக்கத்தைக் கேளுங்கள், அதுவும் காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கத்தை. புதியவர்கள் முதுகுப்பக்கக் காற்றுத்தான் உதவி என்று நினைப்பார்கள். அந்தப் பக்கம் நின்று அடித்தால் பந்து எல்லைக்கு வெளியே ஓடும். காற்றை எதிர்த்து அடிக்கும் பந்து பலமாக அடித்தாலும் உள்ளே தாழும், எதிரணி மிஞ்சி அனுப்பும் பந்து வெளியே போகும். மற்றப் பக்கம் நிற்கும் செற்றில் சேவிஸைத் தாழ்வாக, சுழற்சியோடு போடுங்கள். காற்று குறுக்கே வீசினால் செற்றர் பந்தை உயரத் தூக்காமல் வலைக்கு மேல் ஒன்றரை மீற்றருக்குள் வைக்க வேண்டும்.

இரவுப் போட்டியில் காற்று பெரும்பாலும் அடங்கும், விளக்கு தொல்லை தரும். சேவிஸ் எடுக்கும் இடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். எந்த மூலையில் பந்து வெளிச்சத்துக்குள் மறைகிறது என்று எல்லாருக்கும் காட்டிவிடுங்கள்.

9. அடிபட்டால்

விரல் பிரண்டால் பக்கத்து விரலோடு சேர்த்துச் சுற்றலாம். வளைந்து நின்றால் இழுத்து நிமிர்த்தப் போக வேண்டாம். கணுக்கால் என்றால் துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து, இருபது நிமிடம், காலை உயர்த்தி வையுங்கள். நாலடி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்றே எடுக்க வேண்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மைதானத்தின் பெயரையும் அருகிலுள்ள சந்தியையும் ஒருவர் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

10. திரும்பும் வழி

இறுதியாட்டம் இரவு பதினொன்றைத் தாண்டும். சாரதி பகல் முழுக்க உங்களோடு நின்று கத்தியிருப்பார், ஆகவே பின்னேரம் அவரை வானுக்குள் படுக்க விடுங்கள். இரவில் ஏ9இல் கட்டாக்காலி மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காட்டு வீதிகளில் யானை குறுக்கிடும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்திக் காத்திருங்கள். ஹோர்ன் அடிக்கவோ படம் எடுக்க இறங்கவோ வேண்டாம். முன் ஆசனத்தில் சாரதிக்குப் பக்கத்தில் நித்திரை கொள்ளாத ஒருவர் இருக்க வேண்டும். அது முகாமையாளரின் வேலை.

வீட்டுக்கு வந்ததும் பந்துகளை ஈரத்துணியால் துடைத்து, காற்றைக் கொஞ்சம் இறக்கி, நிழலில் வையுங்கள். அடுத்த நாள் பின்னேரம் கோவையைத் திறந்து செலவுக் கணக்கை எழுதி வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பிளாஸ்டர் எத்தனை சுருள் மிஞ்சியது என்பதையும் அதிலேயே எழுதுங்கள், அடுத்த போட்டிக்கு முதலில் தீர்ந்திருப்பது அதுதான்.