பெட்டி உடைந்தால் ஏழு நாள்: ஊருக்குப் போகும் சுங்கை சிப்புட்காரர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும், குலதெய்வத்தைப் பார்க்கத் தமிழ்நாட்டில் உள்ள ஊருக்குப் போவதை நம் ஆட்கள் விடவில்லை. டிக்கெட், விசா, வேட்டி சேலை எல்லாம் ஒரு மாதம் முன்பே தயார். வழியில் ஏதாவது நடந்தால் என்ன கேட்கலாம் என்பதைத்தான் யாரும் தெரிந்துகொண்டு கிளம்புவதில்லை. நானும் அப்படித்தான் போனேன்.

பெரியம்மாவோடு திருச்சியில் இறங்கினேன். அவர் பெட்டிக்கு ஒரு சக்கரம் இல்லை, மூலை பிளந்திருந்தது. உள்ளே மைலோ பொட்டலம் வெடித்து, சொந்தங்களுக்கு வாங்கிய சேலைகள் மேலெல்லாம் பழுப்புத் தூள். வெளியே மாமா வேனோடு நிற்கிறார். "விடுப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் பெரியம்மா. கிடா வெட்டு, விருந்தெல்லாம் முடிந்து பன்னிரண்டாம் நாள் விமான நிறுவனத்துக்கு எழுதினோம். காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. சட்டப்படி அது சரிதான்.

மலேசியாவும் இந்தியாவும் சர்வதேச விமானப் பயணத்தில் நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள். அதன்படி பெட்டி சேதமானால், கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால், வந்து சேர்ந்த நாளிலிருந்து 21 நாள். வழக்குப் போட 2 வருடம். இழப்பீட்டின் உச்சவரம்பு இப்போது ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), சுமார் 8,000 வெள்ளி (ரிங்கிட்). இது வரம்புதான். என்ன பொருள் போனது, என்ன விலை என்பதை நாம் காட்ட வேண்டும். அதனால் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நகையைத் தயவுசெய்து கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கத்தைத் தாண்டுவதற்கு முன்பே பெட்டிப் புகார் கவுண்டருக்குப் போங்கள். பி.ஐ.ஆர். என்ற பெட்டிச் சேதப் புகார்ப் படிவத்தை எழுதித் தருவார்கள், அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியையும் அதில் ஒட்டிய சீட்டையும் படம் எடுங்கள். அன்று இரவே நிறுவனத்துக்கு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். வேன் அரை மணி நேரம் காத்திருக்கட்டும்.

கேஎல்ஐஏவில் (கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம்) விமானம் தாமதமானால், 2016இல் வந்த மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகள் துணைக்கு இருக்கின்றன. 2 மணி நேரம் தாண்டினால் சாப்பாடு, தொலைபேசி, இணைய வசதி தர வேண்டும். 5 மணி நேரம் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் போக்குவரத்தும். 2024 செப்டம்பர் முதல், 5 மணி நேரத்துக்கு மேல் தாமதமென்றால் பயணத்தை விட்டுவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 30 நாளுக்குள், நீங்கள் கட்டிய வழியிலேயே அது வர வேண்டும். வவுச்சரை நீட்டினால் உடனே தலையாட்டாதீர்கள். வயதானவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்லி அனுப்ப வேண்டும். கவுண்டரில் சொன்னால் சரி என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

புகார் முதலில் நிறுவனத்துக்கு. 30 நாளில் தீராவிட்டால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு. முன்பு மாவ்காம் என்ற மலேசிய விமானப் போக்குவரத்து ஆணைக்குழு பார்த்த வேலை 2025 ஆகஸ்டு 1 முதல் அவர்களிடம் இருக்கிறது.

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயில் பிந்தி விமானத்தை விட்டுவிட்டால், தனித்தனி டிக்கெட் என்பதால் விமான நிறுவனம் பொறுப்பேற்காது. முந்தின இரவே போய்விடுவது நல்லது.

ஊரில் ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒன்று. நீங்கள் ஏறும் நிலையத்துக்கு வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வருகிறதென்றால், ஏறாமல் முழுக் கட்டணத்தையும் திரும்பக் கேட்கலாம். ஆன்லைன் டிக்கெட்டென்றால், வண்டி அங்கிருந்து கிளம்புவதற்குள் டி.டி.ஆர். என்ற பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஓடும் வண்டியில் ஏசி, தண்ணீர், கழிவறை என்று எந்தக் குறையானாலும் ரயில்வே உதவி எண் 139க்கு அழையுங்கள், தமிழ்நாட்டு சிம் ஒன்று கையில் இருந்தால் வேலை சுலபம்.