கிட்டார் பிக் வாங்கப் போறீங்களா?

கம்பியை மீட்டுற அந்தச் சின்னத் தகடுதான் பிக். கைக்கு வந்ததை எடுத்துட்டு வராதீங்க, நீங்க என்ன வாசிக்கிறீங்கன்னு பாருங்க. அக்கூஸ்டிக் கிட்டார்ல ஸ்ட்ரம் பண்ணி, அதாவது கம்பிகளைச் சேர்த்து மீட்டிப் பாடுறவங்கன்னா 0.60 மி.மீ. திக்னஸ் போதும், நல்லா வளையும், கம்பில மாட்டாது. ஒவ்வொரு நோட்டா லீட் வாசிக்க அது சரிப்படாது, கொழகொழன்னு இருக்கும், 1 மி.மீ.க்கு மேல போங்க. ரெண்டும் வாசிக்கிறவங்க 0.73ல ஆரம்பிக்கலாம், டன்லப் கம்பெனியோட டார்டெக்ஸ் பிக்ல அது மஞ்சள் கலர். அப்புறம் நம்ம சென்னை வேர்வை இருக்கே, மே மாசம் மொட்டை மாடில வாசிச்சப்ப வழவழ பிக் வழுக்கி நேரா கிட்டார் ஓட்டைக்குள்ள போயிடுச்சு, கவுத்துப் போட்டு குலுக்கி எடுக்கவே பத்து நிமிஷம், அதுலருந்து பிடிக்கிற இடம் சொரசொரப்பா இருக்கிற நைலான் பிக்தான் எனக்கு. ரெண்டு மூணு திக்னஸ்ல ஒண்ணொண்ணு வாங்கி ஒரே பாட்டை மாத்தி மாத்தி வாசிச்சுப் பாருங்க.