பத்திரப்படுத்திய பூட்ஸ் ஏன் உதிர்கிறது? ரைடர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முந்தின நாள் சென்னையிலிருந்து கிளம்பினோம். நெடுஞ்சாலையில் வீணாகத் தேய வேண்டாம் என்று சாதாரண ஷூவில்தான் வண்டி ஓட்டினேன். சேலத்தில் இரவு தங்கி, காலையில் பையிலிருந்து பூட்ஸை எடுத்து மாட்டினேன். அடிவாரத்தில், காரவள்ளியில் டீக்கு நிறுத்திக் காலை ஊன்றியபோது, ஈர மணலில் கால் புதைவதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தால் வலது பூட்ஸின் அடிப்பாகம் கறுப்புத் துகள்களாகத் தரையில் கொட்டிக் கிடந்தது. இடது பூட்ஸில் குதிகால் பக்கம் சோல் பாதி பிரிந்து தொங்கியது.

நான் முதல் வண்டி வாங்கியபோது அண்ணன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்த பூட்ஸ் அது. ஏழு வருடங்களில் பத்து முறைகூடப் போட்டிருக்க மாட்டேன். "இவ்வளவு விலை கொடுத்து வாங்கிட்டு வந்திருக்கான், பத்திரமா வச்சுக்கோ" என்று அம்மா சொன்னதை அப்படியே கேட்டேன். பெட்டி, பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் கவர், அதை ஏற்றி வைக்க லாஃப்ட். நல்ல ரைடு ஒன்று வரட்டும், அப்போது எடுக்கலாம் என்று ஏழு வருடமும் காத்திருந்தேன்.

ஆம்பூரில் ஷூ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் அந்த பூட்ஸைக் காட்டினேன். விரலால் ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "இது போட்டுத் தேஞ்சது இல்லைங்க, போடாமலே போனது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும், கூட ரைடு வருபவர்களிடம் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். ஆசையாக வாங்கிய ஒரு ஜோடியைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

போட்டால்தான் தேயும் என்று நினைப்பது

எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான்.

ரைடிங் பூட்ஸின் அடிப்பாகம் ஒரே பொருளால் ஆனது இல்லை. தரையில் படுவது ரப்பர். அதற்கும் காலுக்கும் நடுவில், பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிற மெத்தை போன்ற அடுக்கு இருக்கிறதே, அது பல பூட்ஸ்களில் பாலியூரித்தேன் நுரை. எடை குறைவு, அதிர்ச்சியைத் தாங்கும், சீக்கிரம் தட்டையாகாது. அதனால்தான் நல்ல விலையுள்ள பூட்ஸ்களிலும் இதையே போடுகிறார்கள்.

ஆனால் இந்த நுரைக்குத் தண்ணீர் ஆகாது. ஷூவுக்குப் பயன்படும் பாலியூரித்தேனில் பெரும்பாலானவை எஸ்டர் பிணைப்புகளைக் கொண்டவை. பள்ளிக்கூட வேதியியலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டரும் தண்ணீரும் கிடைக்கும். அதே வினை திரும்பவும் நடக்கும். காற்றிலுள்ள ஈரம் நுரைக்குள் புகுந்து எஸ்டரை மறுபடி அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் பிரிக்கும். இதற்கு நீராற்பகுப்பு, ஆங்கிலப் பெயர் ஹைட்ராலிசிஸ். இதில் மோசமான விஷயம், பிரிந்து வரும் அமிலமே அடுத்த பிணைப்பு உடைவதை வேகப்படுத்துகிறது. நீண்ட சங்கிலிகள் துண்டு துண்டாகிக்கொண்டே வரும். வெளியே எதுவும் தெரியாது. ஒரு நாள் எடை ஏறும்போது மொத்தமாக உதிரும்.

இந்த வேலைக்கு உங்கள் கால் தேவையே இல்லை. ஈரமும் சூடும் போதும். கடலோர ஊர்களின் காற்றில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பூட்ஸின் வயது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, நுரையை வார்த்த நாளிலிருந்து தொடங்குகிறது. வைக்கும் இடத்தைப் பொறுத்து சில ஆண்டுகளிலும் போகலாம், பத்தாண்டும் தாங்கலாம். அடிக்கடி போட்டு நடக்கும் பூட்ஸ் மூடிக் கிடப்பதைவிட நன்றாக இருக்கும் என்று மலையேற்ற பூட்ஸ் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். நுரை அழுந்தி விரியும்போது உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழி கிடைக்கிறது.

எல்லா சோலும் இப்படி இல்லை. முழுக்க ரப்பரால் ஆனவற்றுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. ஈவிஏ (EVA) என்ற இன்னொரு வகை நுரை நாளடைவில் தட்டையாகுமே தவிர இப்படிப் பொடியாகாது. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால், கட்டைவிரல் நகத்தால் பக்கவாட்டு நுரையை அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே நிமிர்ந்தால் சரி. நகம் பதிந்த இடம் அப்படியே நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, பொடி ஒட்டினாலோ அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு வண்டி ஏறாதீர்கள். பூட்ஸை இரண்டு கையாலும் வளைத்து, மடிப்பு விழும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தச் சோதனையைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே செய்யுங்கள். கிளம்பும் காலையில் செய்து பயனில்லை.

தள்ளுபடியில் வாங்கும்போதும் இதே கணக்குதான். கடையில் நாலு வருடம் கிடந்த பூட்ஸ் பளபளவென்றுதான் இருக்கும். நாக்குப் பகுதியின் உள்ளே தைத்திருக்கும் லேபிளில் தயாரித்த மாதமும் ஆண்டும் பல பிராண்டுகளில் இருக்கும். பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பதாக நினைத்துப் புழுங்க வைப்பது

பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் வெளி ஈரம் உள்ளே வராது என்று நினைக்கிறோம். உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஈரமும் வெளியே போக முடியாது என்பதை மறந்துவிடுகிறோம். கான்கிரீட் கூரைக்குக் கீழே இருக்கும் லாஃப்ட், ஏப்ரல் மே மாதங்களில் வீட்டிலேயே சூடான மூலை. நான் ஏழு வருடம் செய்தது, ஈரத்தையும் சூட்டையும் ஒன்றாகச் சேர்த்து பூட்ஸைப் பக்கத்தில் உட்கார வைத்ததுதான். அதைப் பாதுகாப்பு என்று மனதார நம்பினேன் என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் அதிகம் நம்ப வேண்டாம். கப்பலிலும் கிடங்கிலும் இருக்கும் காலத்துக்காகப் போடுவது அது. குறிப்பிட்ட அளவு ஈரத்தைக் குடித்தபின் அது வெறும் மணல்தான். வைக்க ஆசைப்பட்டால் நிறம் மாறும் வகையை வாங்குங்கள், ஈரம் ஏறியதை நிறமே சொல்லிவிடும்.

என்னைக் கேட்டால் காற்றோட்டமுள்ள திறந்த ஷெல்ஃபே போதும். தூசிக்காகப் பருத்தித் துணிப் பை. வடிவம் குலையாமல் இருக்க உள்ளே கசக்கிய செய்தித்தாள். பக்கிள்களையும் வெல்க்ரோவையும் மூடி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் காலர் பகுதி தொய்ந்து கோணலாகிவிடும்.

தோல் பூட்ஸாக இருந்தால் பூஞ்சை இன்னொரு தொல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள் இருக்கும் பெல்ட்டில் வெள்ளை பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை வீட்டுக்குள் வைத்துத் தட்டக் கூடாது, வித்துகள் அடுத்த பொருளில் போய் உட்காரும். மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து நனைத்த துணியால் துடைத்து, நிழலில் காய வையுங்கள். முதலில் வெளியே தெரியாத ஓரத்தில் துடைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தேங்காய் எண்ணெய். செருப்பிலிருந்து மாட்டு வண்டிக் கயிறு வரை எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவிய பழக்கம் நமக்கு. ரைடிங் பூட்ஸில் வேண்டாம். தோல் அளவுக்கு மீறி இளகிவிடும், எண்ணெய் கசிந்து ஒட்டுப் பசை தளரும், தூசி அப்பிக்கொள்ளும். தோலுக்கென்று விற்கும் கண்டிஷனரை வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மெல்லியதாகத் தடவினால் போதும். செயற்கைத் தோலுக்கு அதுவும் வேண்டாம், ஈரத்துணியே போதும். செயற்கைத் தோலின் மேல்பூச்சும் பெரும்பாலும் பாலியூரித்தேன்தான். வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் அது செதில் செதிலாக உரியத் தொடங்கும்.

பெரிய ரைடுக்காக எடுத்து வைப்பது

லடாக் போகும்போது போடலாம், ஸ்பிட்டி போகும்போது போடலாம் என்கிறோம். அந்தப் பயணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்று மாலை மருந்துக்கடைக்குப் போவது மட்டும் உறுதி.

எங்கள் குழுவில் ஒருவர் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, யூடர்ன் எடுக்கும் இடத்தில் சாலையில் சிந்திக் கிடந்த மணலில் வழுக்கி விழுந்தார். வேகம் இருபதுகூட இருக்காது. காலில் ரப்பர் செருப்பு. வண்டி கணுக்கால் மேலேயே சாய்ந்தது. எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. விழுந்த நேரத்தில் அவருடைய புது பூட்ஸ் வீட்டு ஷெல்ஃபில் இருந்தது. மருத்துவமனையில் அவரைப் பார்த்தபோது எனக்கு வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். விழும் வண்டியின் எடை 150 கிலோவிலிருந்து 200 கிலோ. கணுக்காலின் இரு பக்கமும் வைத்திருக்கும் கெட்டிக் கிண்ணமும், பாதம் பக்கவாட்டில் நசுங்காமல் காக்கும் விறைப்பான அடித்தட்டும் இந்த இடத்துக்காகவே செய்யப்பட்டவை. சட்டம் ஹெல்மெட்டைத்தான் கட்டாயமாக்குகிறது, காலை நம்மிடமே விட்டுவிட்டது.

வெயிலில் முழங்கால் வரை பூட்ஸ் போட்டு அலுவலகம் போக முடியாது என்பது நியாயம்தான். அதற்குத்தான் கணுக்காலை மட்டும் மூடும் குட்டை பூட்ஸ் வருகிறது. வாங்கும்போது மோட்டார் சைக்கிள் படத்தோடு இஎன் 13634 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் கீழே நான்கு இலக்கங்கள் இருக்கும்: உயரம், உராய்வைத் தாங்குதல், வெட்டைத் தாங்குதல், குறுக்கு விறைப்பு. ஒவ்வொன்றிலும் 1 அல்லது 2. முதல் இலக்கம் 1 என்றால் குட்டை பூட்ஸ். மற்ற மூன்றும் 2 ஆக இருந்தால் நல்லது.

முதல் நாளே நானூறு கிலோமீட்டர்

எடுத்து வைத்த பூட்ஸை நேராக நெடும்பயணத்துக்குப் போட்டால் குதிகால் கொப்புளம் நிச்சயம். அதைவிட முக்கியமானது கியரும் பிரேக்கும். கெட்டியான முனை கியர் லீவருக்கு அடியில் நுழையாது, மூன்றாவது கியருக்குத் தூக்க நினைக்கும்போது கால் வெளியே வழுக்கும். வலது காலில் பிரேக் எவ்வளவு அழுந்துகிறது என்பதே தெரியாது. மலை இறக்கத்தில் கற்றுக்கொள்ளும் பாடம் இல்லை இது. வீட்டுக்குள் தினமும் ஒரு மணி நேரம் போட்டு நடங்கள். பிறகு பக்கத்துத் தெருக்களில் ஓட்டுங்கள். தேவைப்பட்டால் மெக்கானிக்கிடம் சொல்லி லீவரைக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொள்ளுங்கள், சில நிமிட வேலைதான்.

மழையில் நனைந்தால் உள் அட்டையை வெளியே எடுத்து, செய்தித்தாளை அடைத்து, ஃபேன் காற்றில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். சைலன்சர் பக்கத்திலோ, அடுப்போரமோ, உச்சி வெயிலிலோ வைத்தால் பசை விட்டுவிடும், தோல் சுருங்கி விறைக்கும்.

என் பழைய ஜோடியின் மேல்தோல் நன்றாகவே இருந்தது. ஆம்பூர் நண்பர் வழியாக ஒருவரிடம் கொடுத்து முழு ரப்பர் சோல் போட்டு வாங்கினேன். பழைய விறைப்பு அதில் திரும்ப வராது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார், அதனால் நெடுந்தூரத்துக்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். இரண்டும் வாசலோரம் திறந்த ஷெல்ஃபில்தான் இருக்கின்றன. மருந்துக்கடைக்கு அண்ணன் கொடுத்தது. போன மாதம் ஊருக்கு வந்த அண்ணன் அதன் இடது முனையில் கியர் லீவர் உரசி வெளுத்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பதான் போட ஆரம்பிச்சியா?" என்று கேட்டார்.