பயணத்தில் பார்த்த கைவேலையிலிருந்து சொந்த டிசைன்: முதன்முறை செய்பவர்களுக்கு

ஊர் சுற்றித் திரும்பும்போது கைப்பேசியில் எண்ணூறு படங்கள் இருக்கும். வேலைக்கு உட்கார்ந்தால் அதில் பத்துகூடப் பயன்படாது. படம் ஒரு கூடை எப்படித் தெரிகிறது என்று காட்டும். ஏன் அப்படி முடையப்பட்டது என்பது அதில் இருக்காது. டிசைன் செய்கிறவருக்குத் தேவைப்படுவது அந்த ‘ஏன்’தான்.

டச்சு ஓவியர் எம்.சி. எஷர் இதற்கு நல்ல உதாரணம். ஸ்பெயினில் கிரனடா நகரிலுள்ள அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு அவர் 1922-இல் ஒருமுறை போனார். 1936-இல் மனைவியோடு மறுபடி போய், சுவர் ஓடுகளின் வடிவங்களை நாள்கணக்கில் உட்கார்ந்து காகிதத்தில் நகலெடுத்தார். நிலவியலாளரான அண்ணன் சொல்லித்தான், படிகங்களின் அமைப்பை ஆராயும் படிகவியல் கட்டுரைகளைப் பார்த்தார். அவற்றில் ஒன்று கணிதவியலாளர் போல்யா 1924-இல் வெளியிட்டது. சமதளத்தில் வடிவம் திரும்பத் திரும்ப வரும் 17 வகைகளையும் அது படத்தோடு காட்டியது. பிறகு எஷர் வரைந்ததில் அந்த ஓடுகளின் நட்சத்திரங்களும் கோணங்களும் இல்லை. பறவையும் மீனும் பல்லியும்தான் இருந்தன. தோற்றத்தை அங்கேயே விட்டுவிட்டு விதியை மட்டும் எடுத்து வந்தார். கீழே சொல்லப்போகும் முறையும் இதுவே. ஒரு பட்டறையில் அரை நாள், வீட்டில் ஒரு மாலை. முடிவில் கையில் 12 செ.மீ. சதுரத்தில், எந்தப் பக்கமும் அடுக்கக்கூடிய ஒரு வடிவம் இருக்கும்.

எடுத்துப்போக வேண்டியவை

- சட்டைப்பைக்குள் அடங்கும் குறிப்பேடு, கோடு போடாதது
- 2பி பென்சில் ஒன்று, மேல்தாள் உரித்த கறுப்பு மெழுகு கிரயான் ஒன்று
- தையல்காரர் டேப், 15 செ.மீ. ஸ்கேல்
- மெல்லிய தாள் பத்து (பட்டர் பேப்பர் போதும்), எளிதில் உரியும் மாஸ்கிங் டேப்
- நடுவில் 4 செ.மீ. சதுர ஓட்டை வெட்டிய அட்டை
- நான்காக மடித்த வெள்ளைத் தாள்

ஆரம்பத்திலேயே விலை உயர்ந்த நோட்டு வாங்காதீர்கள். நல்ல நோட்டைக் கெடுக்க மனம் வராது, பக்கம் வெறுமையாகவே இருக்கும்.

படி 1: கிளம்பும் முன் ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள்

“எல்லாவற்றையும் பார்ப்போம்” என்று போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். ஒரு பயணத்துக்கு ஒரு விஷயம் போதும். அதுவும் பொருளாக இல்லாமல் அமைப்பாக இருக்கட்டும். ‘பானைகள்’ என்று வைத்துக்கொண்டால் பானைக்கடையைத் தாண்டி எங்கும் போக முடியாது. ‘ஓரங்கள் எப்படி முடிகின்றன’ என்று வைத்துக்கொண்டால் துணியின் விளிம்பு, கூடையின் வாய், செருப்பின் தையல், சன்னல் சட்டத்தின் மூலை எல்லாம் உள்ளே வந்துவிடும். ‘இரண்டு துண்டுகள் சேரும் இடம்’, ‘பழுதுபார்த்த இடம்’ என்பனவும் நல்ல தலைப்புகள்.

படி 2: பட்டறையில் முதல் இருபது நிமிடம் கைப்பேசி பைக்குள்

முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். சூளை ஏற்றும் நேரம், சாயம் கொதிக்கும் நேரம், சரக்கு அனுப்பும் நாள் வேண்டாம். ஓரமாக உட்கார்ந்து பொருளைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். ஒரு சுற்று வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தக் கை சும்மா பிடித்திருக்கிறது, எந்த இடத்தில் வேகம் குறைகிறது என்று எழுதுங்கள். வேகம் குறைகிற இடத்தில்தான் டிசைன் முடிவு ஒன்று ஒளிந்திருக்கும்.

பிறகு கேட்க மூன்று கேள்விகள் போதும்: இந்த அளவு ஏன்? எது அடிக்கடி கெட்டுப்போகும்? நீங்களே செய்துகொண்ட கருவி எது? “எங்கிருந்து இந்த யோசனை வந்தது” என்று மட்டும் கேட்காதீர்கள். மரியாதைக்கு ஏதோ ஒரு பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

‘எது கெட்டுப்போகும்’ என்ற கேள்விக்கு வரும் பதிலுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். குயவர் சுருக்கத்தைச் சொல்வார். களிமண் காய்ந்து வெந்து முடிவதற்குள் மொத்தம் 12 சதவீதம் சுருங்குமென்றால், 10 செ.மீ. உயரக் கோப்பைக்கு ஈரத்தில் 11.4 செ.மீ. எழுப்ப வேண்டும், கைப்பிடியும் உடம்பும் வெவ்வேறு ஈரத்தில் இருந்தால் ஒட்டிய இடம் விரியும். நெசவாளர் அகலத்தைச் சொல்வார். நாடாவை (குறுக்கு இழையைச் சுமந்து ஓடும் கட்டை) கையால் வீசிப் பிடிக்கும் தறியில், துணியின் அகலம் ஒருவர் கை எட்டும் தூரம்தான். 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கயிறு இழுத்து ஓட்டும் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகே ஒரே ஆள் அகலத் துணி நெய்ய முடிந்தது.

கூடை முடைகிறவரிடம் போனால் நிற்கும் குச்சிகளை எண்ணுங்கள். ஒரே இழையை ஒரு குச்சிக்கு முன்னால், அடுத்ததற்குப் பின்னால் என்று சுற்றும் எளிய வட்டக் கூடையில் அது ஒற்றைப்படையாக இருக்கும். 16 குச்சி என்றால் இரண்டாம் சுற்றிலும் இழை அதே குச்சிகளுக்கு முன்னால்தான் வரும், பின்னல் பூட்டாது. 17 என்றால் ஒவ்வொரு சுற்றிலும் தானாகவே ஒன்று மாறும். இரட்டைப்படையில் முடைந்திருந்தால் இரண்டு இழைகள் ஓடுகின்றனவா, எங்காவது ஒரு குச்சியைத் தாண்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள். எண்ணிக்கை பொருந்தாததால் வரும் இந்த நகர்வைப் படி 5-இல் பயன்படுத்தப் போகிறோம்.

படி 3: தேய்ப்புப் படமும் அளவும்

ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் தரைப்பலகையின் ரேகைகளைத் தாளில் தேய்த்து எடுத்தே தன் புதிய வரைமுறையைக் கண்டார். செய்வது சுலபம். தாளின் இரண்டு மூலைகளை டேப்பால் ஒட்டுங்கள். கிரயானைப் படுக்கவைத்து, முதலில் ஒரே திசையில் லேசாக, பிறகு குறுக்கே தேயுங்கள். கோடு இரட்டையாக விழுந்தால் தாள் நகர்ந்திருக்கிறது. எல்லாம் ஒரே கறுப்பாக வந்தால் கிரயானின் முனையால் அழுத்தியிருக்கிறீர்கள். சாதாரண நகல் தாள் கனமானது, நுண்ணிய பின்னல் அதில் மழுங்கிவிடும். செதுக்கிய மரம், கூடை, வார்ப்பு உலோகம் ஆகியவற்றுக்கு இது ஏற்றது. சுடாத மண், வண்ணம் பூசியது, பழைய மெருகு ஆகியவற்றின் பக்கம் போகவே வேண்டாம். எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான்.

தேய்த்த தாளிலேயே மூன்று அளவுகள் எழுதுங்கள்: திரும்பத் திரும்ப வரும் ஓர் உருவத்தின் அகலம், அடுத்த உருவம் தொடங்கும் தூரம், மொத்த நீளத்தில் அது எத்தனை முறை வருகிறது.

இனி படம் எடுக்கலாம். பொருளுக்குப் பக்கத்தில் ஸ்கேலும் வெள்ளைத் தாளும் சட்டத்துக்குள் இருக்கட்டும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டத்தில் அகலக் கோணத்தில் எடுத்தால் நேர்கோடுகள் சாயும், வளையும். மேற்பரப்பின் மேடுபள்ளம் வேண்டுமென்றால் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழ வேண்டும். ஃபிளாஷ் அதை அழித்துவிடும்.

படி 4: வண்ணத்தை விகிதத்தோடு எடுங்கள்

ஐந்து வண்ணங்களைப் பொறுக்கிச் சம அளவில் அடுக்குவதுதான் இங்கே வழக்கமான தவறு. அழகு பெரும்பாலும் விகிதத்தில் இருக்கும். ஓட்டை அட்டை வழியாகப் பொருளைப் பாருங்கள், கண்ணைப் பாதி மூடுங்கள். எது முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருக்கிறது? எது வெறும் கீற்று? 10 செ.மீ. நீளமுள்ள ஓர் அட்டைத் துண்டில் அதே விகிதத்தில் நூலைச் சுற்றுங்கள், ஒரு செ.மீ. என்பது பத்து சதவீதம். கீற்று அரை செ.மீ.தான் வரும், ஆனால் அதை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் செத்துவிடும். நூல் இல்லாவிட்டால் பழைய பத்திரிகையிலிருந்து கிழித்த தாள் போதும்.

இதைப் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். 2,700 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழே பொருத்திய நீலம் காலையில் வேறு நிறமாக இருக்கும்.

படி 5: விதியிலிருந்து வடிவம்

அன்றைக்கு இரவே குறிப்புகளைப் படித்து, “இங்கே எதனால் எது நடக்கிறது” என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். கூடைக்கு: ‘எண்ணிக்கை பொருந்தாததால் ஒவ்வொரு சுற்றும் ஒன்று நகர்கிறது.’ வாக்கியம் வராவிட்டால் கவனித்தது போதவில்லை. முடிந்தால் மறுநாள் மறுபடி போங்கள்.

இப்போது 2 செ.மீ. கட்டங்களாக 7-க்கு 7 வரையுங்கள். மூன்று உருவங்கள் தேர்ந்தெடுங்கள். கூடையை வரைய வேண்டாம். தேய்ப்புப் படத்தில் கிடைத்த ஒரு வளைவு, ஒரு புள்ளி, ஒரு வெற்றிடம் போதும். 1, 2, 3, 1, 2, 3 என்று நிரப்பிக்கொண்டே போங்கள். வரிசை முடிந்தால் எண்ணிக்கையை நிறுத்தாமல் அடுத்த வரிசையில் தொடருங்கள். 7 மூன்றால் வகுபடாததால் உருவங்கள் தாமாகவே சாய்வாக ஓடும். 6 கட்டத்தில் இதையே செய்தால் நேர்க்குத்தான பட்டைகள்தான் வரும். ஒரே ஒரு கட்டத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று இரண்டையும் வரைந்து பாருங்கள்.

7-க்கு 7-ஐ அப்படியே அடுக்கினால் சேரும் இடத்தில் எண் தப்பும். அதனால் அதிலிருந்து 6-க்கு 6 மட்டும் வெட்டி எடுங்கள். அதுதான் உங்கள் 12 செ.மீ. சதுரம்.

கட்டம் பிடிக்காதவர்களுக்கு வேறு வழி: 12 செ.மீ. தாளில் ஓரங்களைத் தொடாமல் நடுவில் வரையுங்கள். செங்குத்தாக நடுவில் வெட்டி இடம், வலம் மாற்றிப் பின்பக்கம் டேப் ஒட்டுங்கள். பிறகு கிடைமட்டமாக வெட்டி மேல், கீழ் மாற்றுங்கள். நடுவில் உருவாகும் வெற்றிடத்தை நிரப்புங்கள், புதிய ஓரங்களைத் தொடாதீர்கள். கணினியில் என்றால் 1,400 பிக்சல் சதுரம் எடுத்து இரண்டு திசையிலும் 700 நகர்த்துவது இதே வேலை.

படி 6: சோதனை

ஒன்பது பிரதிகள் எடுத்து மூன்றுக்கு மூன்றாக ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். வெள்ளையாக ஓர் ஓடை ஓடினால் அந்த இடத்தில் சிறு உருவம் ஒன்று சேருங்கள். ஒரே உருவம் மட்டும் புள்ளி புள்ளியாகக் கண்ணில் குத்தினால் அதைச் சிறிதாக்குங்கள், அல்லது அதே கனத்தில் இன்னொன்று வையுங்கள். சேரும் இடத்தில் கோடு தெரிந்தால் டிசைனில் கை வைக்காதீர்கள், வெட்டு கோணியிருக்கும்; கத்தரியை விட்டு ஸ்கேலும் பிளேடும் வைத்து மறுபடி வெட்டுங்கள்.

பட்டறையில் பார்த்த வடிவமே அடையாளம் தெரிகிற மாதிரி வந்திருந்தால் அது அவருடைய வேலை. கேட்காமல் விற்காதீர்கள். சில வடிவங்கள் ஒரு குடும்பத்துக்கோ வழிபாட்டுக்கோ உரியவையாக இருக்கும், கேட்டாலும் கிடைக்காது.

சோதனைத் தாளில் ஒன்றை அவருக்கு அனுப்புங்கள். இதை நெய்தால் எங்கே இழை அறும், கட்டையில் செதுக்கினால் எங்கே உடையும் என்று அவர் சொல்லிவிடுவார். அந்த இடத்தைத் திருத்திய பிறகு இறுதிப் பிரதி எடுங்கள்.